பூஜ்யம் பைட் கோப்பு

லினக்ஸ் ஓடும் கணினியில் டெர்மினலைத் திறந்து, /ப்ராக்/மெம்இன்ஃபோ என்ற கோப்பின் அளவு என்னவென்று கேட்டுப் பாருங்கள். 0 பைட் என்று பதில் வரும். அதே கோப்பை வாசித்துக் காட்டச் சொன்னால் ஐம்பது வரி போல ஓடும். மொத்த மெமரி எவ்வளவு, சும்மா கிடப்பது எவ்வளவு, டிஸ்க்கிலிருந்து படித்து வைத்திருப்பது எவ்வளவு என்று வரிக்கு ஒரு கணக்கு.

அந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்குமே இல்லை. நம் நிரல் வாசிக்கக் கேட்கும் கணத்தில்தான் கெர்னலுக்குள் ஒரு ஃபங்ஷன் ஓடுகிறது. தன் கணக்குகளைப் பார்த்து எழுத்தாக்கி நீட்டுகிறது. இன்னும் பிறக்காத எழுத்துக்கு அளவு சொல்ல முடியாது, அதனால்தான் பூஜ்யம். இதில் சி நிரலர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: கோப்பின் நீளத்தை முதலில் அளந்து, அவ்வளவு மெமரி ஒதுக்கிக்கொண்டு வாசிக்கும் வழக்கமான உத்தி இங்கே செல்லாது. வரி தீரும்வரை வாசித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

டிஸ்க்கில் இல்லாததைக் கோப்பாகக் காட்டும் இந்த யோசனை லினக்ஸில் பிறந்ததல்ல. பெல் ஆய்வகத்தில் டாம் கில்லியன் எட்டாம் பதிப்பு யூனிக்ஸுக்காகச் செய்தது. 1984இல் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். ஓடும் ஒவ்வொரு நிரலையும் ஒரு கோப்பாகக் காட்டுவது அவர் வழி. லினக்ஸ் அதை எடுத்துக்கொண்டு, நிரல்களோடு நிற்காமல் மெமரி, சிபியு, நெட்வொர்க் என்று கணினியின் மற்ற நிலவரங்களையும் /ப்ராக் என்ற அந்த அடைவுக்குள் கொண்டு வந்தது. மிக அழகான முடிவு என்று நினைக்கிறேன். கோப்பைத் திறந்து வாசிக்கத் தெரிந்த எந்த மொழியும் கெர்னலிடம் நலம் விசாரிக்கலாம்.

சியில் இதற்கு இன்னொரு வாசலும் இருக்கிறது: சிஸ்இன்ஃபோ என்ற சிஸ்டம் கால். ஒரு ஸ்ட்ரக்சரின் முகவரியைக் கொடுத்தால் போதும். கணினி விழித்து எத்தனை விநாடி ஆயிற்று, எத்தனை புராசஸ் இருக்கின்றன, மெமரி மொத்தம் எவ்வளவு, காலி எவ்வளவு என்று ஒரே அழைப்பில் நிரப்பித் தந்துவிடும். எழுத்தைப் பிரித்து எண்ணாக்கும் வேலை இல்லை. மெமரி எண்களை மெம்யூனிட் என்ற உறுப்பால் பெருக்க வேண்டும். சுமையைச் சொல்லும் லோடு எண்களை 65536ஆல் வகுக்க வேண்டும். இந்த இரண்டையும் மறந்தால் விடை எங்கோ போய் நிற்கும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு சர்வருக்குக் காவல் நிரல் எழுதியபோது இந்த வாசலைத்தான் பிடித்தேன். காலி மெமரி 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் எனக்குச் செய்தி வரவேண்டும். இரவு இரண்டு மணிக்குச் செய்தி வந்தது. எழுந்து பார்த்தால் சர்வர் சௌக்கியமாக ஓடிக்கொண்டிருந்தது. மறுநாளும் அதே நேரம், அதே செய்தி. மூன்றாம் இரவு, இரண்டு மணிக்கு அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்த பிறகுதான் விளங்கியது. பேக்கப் வேலை அப்போதுதான் தொடங்கி டிஸ்க் முழுவதையும் வாசிக்கிறது. வாசித்ததையெல்லாம் கெர்னல் தூக்கி எறியாமல், மறுபடி யாராவது கேட்டால் உடனே கொடுக்கலாம் என்று சும்மா கிடந்த மெமரியில் வைத்துக்கொள்கிறது. வேறு நிரலுக்கு இடம் தேவைப்பட்டால் அந்த நொடியே பெரும்பாலானதை விட்டுக்கொடுத்துவிடும். ஆகவே காலி மெமரி குறைவதை மட்டும் வைத்துப் பஞ்சம் என்று சொல்ல முடியாது.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ‘புதிதாக ஒரு நிரல் வந்தால் ஸ்வாப்புக்குப் போகாமல் எவ்வளவு கொடுக்க முடியும்?’ என்பது. அதற்கான விடை சிஸ்இன்ஃபோ நிரப்பும் ஸ்ட்ரக்சரில் இல்லை. மெம்இன்ஃபோ கோப்பில் மெம்அவைலபிள் என்ற வரியில் இருக்கிறது. 2014இல் வந்த லினக்ஸ் 3.14 பதிப்பில்தான் அது சேர்ந்தது. அதுவரை காலி மெமரியைச் சொல்லும் மெம்ஃப்ரீ வரியையும், டிஸ்க்கிலிருந்து படித்து வைத்திருப்பதைச் சொல்லும் கேஷ்ட் வரியையும் கூட்டிக்கொண்டிருந்தோம். அது சரியான கூட்டல் அல்ல. பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் மெமரியும் கேஷ்டுக்குள்தான் அடங்கும், அதை அப்படியே விடுவித்துவிட முடியாது.

புதிய வரி கோப்பின் கடைசியில் போய் ஒட்டவில்லை, மூன்றாவது வரியாக நடுவில் நுழைந்தது. ‘மூன்றாவது வரி இன்னது’ என்று நம்பி எழுதிய நிரலுக்கு அன்றைக்குக் கணக்குத் தவறியிருக்கும். எஃப்கெட்ஸால் ஒவ்வொரு வரியாக எடுத்து, வரியின் தொடக்கத்தில் இருக்கும் பெயரைப் பார்த்து, எஸ்ஸ்கேன்எஃப்பால் எண்ணைப் பிரிப்பதுதான் பத்திரமான வழி. பக்கத்தில் கேபி என்று போட்டிருந்தாலும் அது 1000 பைட் அல்ல, 1024 பைட்.

லோடு ஆவரேஜும் இப்படித்தான் ஆளை ஏமாற்றும். /ப்ராக்/லோடுஆவ்ஜி கோப்பின் முதல் மூன்று எண்கள் கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சுமையைச் சொல்கின்றன. சிபியுவுக்காக வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கை என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். 1993லிருந்து லினக்ஸ், டிஸ்க் பதிலுக்காக அசையாமல் காத்திருக்கும் புராசஸ்களையும் சேர்த்தே எண்ணுகிறது. நான்கு கோர் உள்ள கணினியில் லோடு 12 என்று நிற்கும், சிபியு சும்மா இருக்கும். சிக்கல் டிஸ்க்கில் இருக்கும். இதைப் பிரித்துப் பார்க்க /ப்ராக்/ஸ்டாட் கோப்புக்குப் போக வேண்டும். அதில் சிபியு வரிகளில் இருப்பவை கணினி விழித்ததிலிருந்து கூடிக்கொண்டே வரும் எண்கள். ஒரு முறை வாசித்தால் எதுவும் தெரியாது. ஒரு விநாடி விட்டு மறுபடி வாசித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால்தான் சிபியு இப்போது என்ன செய்கிறது என்று தெரியும்.

ஃப்ரீ, டாப் போன்ற கட்டளைகளுக்கும் வேறு ரகசிய வழி கிடையாது. ஒரு நிரல் செய்யும் சிஸ்டம் கால்களை வரிவரியாகக் காட்டும் ஸ்ட்ரேஸ் வழியாக ஃப்ரீயை ஓட்டிப் பாருங்கள். லைப்ரரிகளை ஏற்றும் வரிகள் கடகடவென்று போன பிறகு, அந்தப் பூஜ்யம் பைட் கோப்பைத் திறக்கும் வரி வரும். சற்றுப் பின், அதிலிருந்து ஆயிரம் பைட்டுக்கு மேல் வாசித்ததாக ஒரு வரி.