‘உடனே கிளம்பி வா!’ - ஊரில் இருந்து போன். மூட்டை கட்டும் வடமாநில தொழிலாளர்கள்

மாதவரத்தில் இறங்கினால் நாலு மொழி காதில் விழும். ஆந்திரா பஸ்கள் கிளம்பும் பஸ் நிலையத்தில் தெலுங்கு. மெட்ரோ ரெயில் வேலை நடக்கும் இடங்களிலும் குடோன்களிலும் இந்தி, ஒடியா, பெங்காலி. வடசென்னைக்கு தெலுங்கு புதுசு இல்லை. கூலி வேலைக்கு இத்தனை வடமாநிலத்தவர் வந்ததுதான் புதுசு.

இவர்கள் ஒரே நாளில் மூட்டை கட்டினால் என்ன ஆகும்? 2023 மார்ச்சில் அந்த பயம் வந்தது. ‘தமிழ்நாட்டில் இந்தி பேசினால் அடிக்கிறார்கள், வெட்டுகிறார்கள்’ என்று செல்போனில் வீடியோக்கள் பரவின. பீகார் சட்டசபையில் அமளி. கடைசியில் பார்த்தால் டுபாக்கூர்! ஒரு வீடியோவில் இருந்தது பீகார் ஆட்களே தங்களுக்குள் போட்ட சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் தகராறு. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு இதை வெளிப்படையாக சொன்னார். பீகார் அதிகாரிகள் குழுவும் நேரில் வந்து விசாரித்தது. வதந்தி பரப்பியதாக பீகார் யூடியூபர் ஒருவர் கைதானார்.

ஆனாலும் பலர் கிளம்பிவிட்டனர். மார்ச் 8-ந்தேதி ஹோலி வேறு. பண்டிகைக்கு போன கூட்டத்தையும் ‘தப்பி ஓடுகிறார்கள்’ என்று கிளப்பிவிட்டார்கள்.

ஏன் நம்பினார்கள்? நம்ம ஆள் ஒரு வதந்தி கேட்டால் டீக்கடையில் விசாரிப்பான், பேப்பர் பார்ப்பான். தமிழ் தெரியாதவனுக்கு அந்த வழி இல்லை. மேஸ்திரி சொல்வதும், ஊரில் இருந்து வரும் போனும்தான் செய்தி. அந்த போனில் அம்மாவோ மனைவியோ அழுதால் அப்புறம் கூலியாவது, பாக்கியாவது! முடிவு எடுப்பது இங்கே இருப்பவன் அல்ல, ஊரில் இருக்கும் குடும்பம்.

இந்த வேதனை தமிழனுக்கும் தெரியும். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு 1991 டிசம்பரில் அரசிதழில் வெளியானதும் பெங்களூர், மைசூரில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. உயிர்ப்பலியும் நடந்தது. அது வதந்தி இல்லை, நிஜம். ஆயிரக்கணக்கானோர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு ஓடி வந்தனர். கன்னடம் சரளமாக பேசத் தெரிந்ததும் அன்று காப்பாற்றவில்லை. ஆனாலும் அமைதி திரும்பியதும் பலர் திரும்பி போனார்கள். வேலை, வீடு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அங்கேதானே.

2023-லும் அதே கதைதான். ஹோலி முடிந்து பலர் வேலைக்கு வந்துவிட்டனர். பீகார் கூலியை விட இங்கே கூலி அதிகம். ஆனால் நடுவில் நின்ற வேலைக்கு நஷ்டஈடு யாருக்கும் இல்லை. கலவை போட ஹெல்பர் இல்லை என்றால் உள்ளூர் கொத்தனாருக்கும் அன்று சம்பளம் கிடையாது. குடோனில் லோடு இறங்காவிட்டால் லாரி டிரைவர் கேட்டிலேயே காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

அந்த நேரத்தில் திருப்பூர் போலீசார் இந்தி தெரிந்தவர்களை வைத்து உதவி எண்களை அறிவித்தனர். அவனுக்கு புரிகிற மொழியில் ‘ஒண்ணும் இல்லப்பா, பயப்படாதே’ என்று சொல்ல ஒரு ஆள் கிடைத்தது அப்போதுதான்.