மாவட்டம் முழுவதற்கும் ஒரே எச்சரிக்கை. மலைக்கும் கடலுக்கும் போதுமா? வானிலைத் துறையின் 150 ஆண்டுப் பயணம்

வித்துரா (திருவனந்தபுரம்): பொன்முடி மலையடிவாரத்தில் உள்ள வித்துராவுக்குத் தனியாக வானிலை எச்சரிக்கை வெளியிடப்படுவதில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு விடுக்கப்படும் 'ஆரஞ்சு எச்சரிக்கை'யே இங்கும் பொருந்தும். 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை மழை பெய்யக்கூடும் என்பது அதன் பொருள். ஆனால், ஒரே மாவட்டத்தில் கடற்கரையும் மலைச்சரிவும் இருப்பதால், மழையின் அளவு இடத்துக்கு இடம் பெரிதும் மாறுபடுகிறது.

பேரிடரில் பிறந்த துறை

1864-இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலும், 1866, 1871 ஆம் ஆண்டுகளில் பருவமழை பொய்த்ததும் நாடு தழுவிய வானிலை அமைப்பின் தேவையை உணர்த்தின. இதையடுத்து 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டது. கல்கத்தாவில் இயங்கிய தலைமையகம் பின்னர் சிம்லா, புனே வழியாக 1944-இல் டெல்லிக்கு மாறியது.

திருவனந்தபுரத்தில் அதற்கு முன்பே, சுவாதித் திருநாள் மன்னரின் ஆட்சியில் 1830-களில் ஆய்வகம் அமைந்தது. அதன் இயக்குநர் ஜான் ஆலன் புரவுன், 1850-களில் அகஸ்தியமலை உச்சியிலும் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவினார். மலைக்கெனத் தனி அளவீடு தேவை என்பது அன்றே உணரப்பட்டிருந்தது.

ஒக்கி தந்த பாடம்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வேகமாக வலுப்பெற்றபோது, திருவனந்தபுரம், கன்னியாகுமரி மீனவர்கள் பலர் ஏற்கனவே ஆழ்கடலில் இருந்தனர். எச்சரிக்கை அவர்களைச் சென்றடையவில்லை. கணிப்பு சரியாக இருந்தால் மட்டும் போதாது, உரியவரிடம் உரிய நேரத்தில் சேர வேண்டும் என்பதை அந்த உயிரிழப்புகள் உணர்த்தின.

அடுத்தது என்ன?

2025 மே மாதம் அறிமுகமான 'பாரத் முன்னறிவிப்பு அமைப்பு', முந்தைய 12 கிலோமீட்டருக்குப் பதிலாக 6 கிலோமீட்டர் இடைவெளியில் வானிலையைக் கணக்கிடுகிறது. இதனால் ஊராட்சி அளவிலான கணிப்பு சாத்தியமாகி வருகிறது.

எனினும், நிலச்சரிவை மழை அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. சரிவின் செங்குத்து, மண்ணில் தேங்கிய ஈரம், நிலப் பயன்பாடு ஆகியவையும் காரணங்களாகும். எனவே, மாவட்டத்துக்கு 'மஞ்சள் எச்சரிக்கை' மட்டுமே இருந்தாலும், தொடர்ந்து சில நாள்கள் மழை பெய்திருந்தால் மலைச்சரிவில் வசிப்போர் விழிப்புடன் இருப்பது அவசியம்.