எதிர்ப்பக்கம் போகிற ரயில்

பம்பரம் விடுற வயசு போனா போனதுதான், அந்தச் சந்தோஷம் திரும்ப வராதுன்னு எதிரணி நண்பர் அடிச்சுப் பேசினார். கைதட்டலும் வாங்கினார். ஆனால் அவருக்கு எங்க அப்பாவைத் தெரியாது.

எங்களுக்கு மறைமலை நகர். அப்பாவுக்கு பீச் ஸ்டேஷன் பக்கத்தில் வேலை. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே தொடங்கி, பிறகு செங்கல்பட்டு வரை நீண்ட மின்சார ரயில்தான் அவருக்கு வீடு மாதிரி. முப்பது வருஷம் விடியுமுன் வடக்கே போவார், இருட்டினதும் திரும்புவார். தெற்கே மூணே ஸ்டேஷன்: சிங்கப்பெருமாள் கோவில், பரனூர், செங்கல்பட்டு. பரனூர் தாண்டினால் தண்டவாளத்தை ஒட்டிக் கொளவாய் ஏரி விரிஞ்சு கிடக்கும். அதை அவர் நின்னு பார்த்ததில்லை. ஊருக்குப் போறப்போ அந்த வழிதான்; ஆனால் ராத்திரி வண்டி, தூக்கம்.

ரிட்டயர் ஆனார். காலையில் சட்டை போட்டுக்கிட்டு நாற்காலியில் உட்காருவார், அவ்வளவுதான். பேச்சு குறைஞ்சது. அம்மா பயந்துட்டாங்க. ஒரு சித்திரை மாசம் திடீர்னு, "செங்கல்பட்டு வரைக்கும் போயிட்டு வர்றேன்"ன்னார்.

"என்ன வேலை?"

"ஒண்ணுமில்லே."

"ஒண்ணுமில்லாததுக்கு யாராவது ரயில் ஏறுவாங்களா?" (சிரிப்பு)

மத்தியானம் வந்தார். கையில் நுங்கு. சாப்பிட்டு முடிச்சதும், நுங்கு எடுத்த காய் ரெண்டை எடுத்து, நடுவில் ஒரு குச்சியைச் செருகினார். நடுவில்தான் குத்தணும்; ஓரத்தில் குத்தினா வண்டி நொண்டும். அப்புறம் கவட்டைக் குச்சியை அச்சில் வெச்சுத் தள்ளினார். தெருவில் நுங்கு வண்டி ஓடுது! பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், "பேரனுக்கா சார்?" "ஆமாம்"ன்னார் அப்பா. அப்போ எனக்குக் கல்யாணமே ஆகலை. (பலத்த சிரிப்பு)

நடுவர் அவர்களே, அந்தப் பொய்யில்தான் விஷயம் இருக்கு. ஆசை வத்திப் போகலை. குழந்தை காரணம் கேட்காம விளையாடும். நமக்குச் சாக்கு வேணும், யாராவது பார்க்கிறாங்களான்னு வேற பார்க்கணும். 1855-ல் சென்னையில் தொடங்கின மிருகக்காட்சிசாலை 1985-ல் வண்டலூரில் புதுசாத் திறந்துச்சே, அங்கே போய்ப் பாருங்க. தோள்மேல குழந்தை தூங்கிடும். "போலாங்க"ன்னு மனைவி கூப்பிடுவாங்க. புலிக்கூண்டை விட்டு அப்பா நகரமாட்டார்!

எதிரணி சொன்னதில் ஒண்ணை ஒத்துக்கிறேன். நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றவன்கிட்ட போய் ஏரியைப் பாருன்னா அடிக்க வருவான். அவனுக்கு முதல்ல தூக்கம் வேணும். ஓய்வு கிடைச்ச பிறகும் "என்ன வேலை"ன்னு கேட்டுக்கிட்டிருக்கிறவங்களைத்தான் நான் சொல்றேன்.

அடுத்த வாரம் அப்பா கிளம்பினப்போ அம்மாவும் புடவை மாத்திக்கிட்டாங்க. ரயிலில் ஒரே ஒரு ஜன்னலோர இடம்தான் காலி. முப்பது வருஷம் பாஸ் வாங்கின உரிமையில் உட்காரப் போனார். "நகருங்க"ன்னாங்க அம்மா. யார் ஜெயிச்சாங்கன்னு... மணி அடிச்சுட்டீங்க! (கைதட்டல்)