துவங்குங்காற் கணினிக்கு நேரும் நோய்

விசையை அழுத்தியும் கணினி கண்விழியாதாயின், இனி வேறொன்று வாங்கவேண்டும் போலும் எனக் கலங்குவார் நம்மிற் பலர். மாணாக்கர் கைப்பொருளோ சிறிது; ஓராண்டு உழைத்தெழுதிய ஆய்வேடும் அப்பெட்டியினுள்ளேயே கிடக்கும். ஆதலின் இவ்வியந்திரம் தன் நோயைத் தானே உரைக்குமாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். மேசைக் கணினியையே கருதிப் பேசுகின்றோம்.

கணினி எழுந்தவுடன் தன் உறுப்புக்களை ஒவ்வொன்றாய்ச் சோதித்துக்கொள்கின்றது. இதனைப் போஸ்ட் என்பர். 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட பர்சனல் கம்ப்யூட்டரிலேயே இஃது அமைந்திருந்தது. குறையொன்றுமில்லையேல் அக்கணினி ஒரு குற்றொலி எழுப்பும். நினைவகத்திற் பழுதாயின் 201 என்றும், விசைப்பலகையிற் பழுதாயின் 301 என்றும் திரையில் எண் தோன்றும். திரைக்குப் படம் அனுப்பும் அட்டையே கெட்டுவிடின் எண்ணை எங்ஙனங் காட்டுவது? அதற்கென ஒரு நெட்டொலியும் இரு குற்றொலியும் வகுத்தனர். நாவடைத்தவன் கைதட்டி அழைப்பது போன்ற இவ்வேற்பாடு நமக்கு மிக்க வியப்பைத் தருகின்றது. பிற்காலத்துக் கணினிகள் சில, விசைப்பலகை இல்லையென முறையிட்டு, மேற்செல்ல எஃப்1 விசையை அழுத்துக என்று பணித்தமை நகைப்பிற்குரிய வேறு கதை.

இச்சோதனைக்கு ஒரு வரிசையுண்டென்பதே நாம் மனங்கொள்ளத்தக்கது. முதற்கண் பவர் சப்ளையானது, தன் மின்னழுத்தங்கள் நிலைபெற்றனவென்று மதர்போர்டுக்கு ஓர் அறிகுறி அனுப்பும். அதுவரை பிராசஸர் தொழில் தொடங்காது. பின்னரே பிராசஸர், நினைவகமாகிய ராம், திரை அட்டை, ஹார்டு டிஸ்க் என்பன பெரும்பாலும் முறையே சோதிக்கப்படும். எனவே, கணினி எவ்விடத்தில் நின்றதென்று காண்பார்க்கு நோயின் இடமும் ஏறக்குறைய விளங்கிவிடும்.

விசிறியும் சுழலாது விளக்கும் எரியாதாயின், சுவரிலுள்ள பிளக்கையும், மின்கம்பியையும், பவர் சப்ளையின் பின்புறத்துச் சிறு சுவிட்சையும் முன்னர்ப் பார்க்க. அப்பவர் சப்ளையை மட்டும் எவரும் திறந்து பார்த்தலாகாது. மின்தொடர்பை நீக்கிய பின்னும் அதனுள் உயிர்க்கு ஊறுசெய்யும் மின்னேற்றம் தங்கியிருத்தல் கூடும்.

விசிறி சுழன்றும் திரை இருண்டிருப்பதே பலரையும் மயக்கும் நிலை. திரையின் கம்பி சரியான துளையிற் செருகப்பட்டுளதா என்று கண்டபின், மின்தொடர்பை நீக்கி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொண்டு, ராம் துண்டுகளைக் கழற்றி மீண்டும் இறுகப் பொருத்துக. இம்மட்டிலே தீரும் நோய் பல. தீராதேல் ஒரு துண்டை மட்டும் வைத்துப் பார்க்க. பின்னர் அதனை எடுத்து மற்றதை வைக்க. ஒருகால் ஒன்றையே மாற்றுதல் வேண்டும். இரண்டை ஒருங்கு மாற்றினால் குணமானது எதனால் என்பது தெரியாமற்போம்.

இன்னுமொரு வழியுண்டு. மதர்போர்டில் ஒரு சிறு ஸ்பீக்கரைப் பொருத்தி, ராம் முழுவதையும் நீக்கிவிட்டு விசையை அழுத்துக. ராம் இல்லையென்று அது கூவுமாயின், மதர்போர்டும் பிராசஸரும் உயிரோடுள்ளன என்று துணியலாம். கூவாதாயின் ஐயம் அவ்விரண்டின் மேலும் பவர் சப்ளையின் மேலும் செல்லும். கூவலின் எண்ணிக்கை ஏ.எம்.ஐ., அவார்டு முதலிய பயாஸ் செய்தோர்க்கேற்ப வேறுபடுதலின், மதர்போர்டின் கையேட்டை நோக்கியே பொருள் கொள்ளுக. அண்மைக்கால மதர்போர்டுகள் சிலவற்றில் ஒலிக்கு மாறாகச் சிறு விளக்குகள் இப்பணியைச் செய்கின்றன.

நாளும் நேரமும் ஒவ்வொரு முறையும் பிறழ்ந்து காணின், சிஆர்2032 என்னும் 3 வோல்ட்டு மின்கலம் ஓய்ந்ததென்க. அதன் விலை அற்பம்.

சோதனை இனிது முடிந்து, ஹார்டு டிஸ்க் மட்டும் காணவில்லையென்று திரை கூறுமாயின், அதன் கம்பியைச் செவ்வனே பொருத்திப் பார்க்க. டிஸ்கினுள்ளிருந்து டிக்டிக்கென்று இடையறாது ஒலி கேட்பின் அப்பொழுதே மின்சாரத்தை நிறுத்துக. மேலும் மேலும் இயக்குதல் உள்ளிருக்கும் எழுத்தையெல்லாம் அழிப்பதாய் முடியும். கணினியைப் பிழைப்பிப்பது பின்னர் ஆகட்டும். ஆய்வேட்டை மீட்கும் வழியை முன்னர் நாடுக.