சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கப்பட்ட செடி

சித்திரை வெயிலில் கரிசல் காட்டு ஊர்களுக்குள் நுழைந்தால் பச்சை என்று கண்ணில் படுவது குறைவு. பருத்தி மார் பிடுங்கி அடுக்கியாகி விட்டது. ஊருணியில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. வாசலில் ஆசையாக வைத்த கனகாம்பரம்கூட இலை சுருண்டு நிற்கிறது. அந்த நேரத்தில், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில், யாரும் நடாத ஒரு சிறு செடி ஐந்து இதழ்களை விரித்து இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். அதுதான் நித்தியகல்யாணி. பட்டிப்பூ என்றும் சொல்வார்கள். சுடுகாட்டு மல்லி என்பது அதற்கு வாய்த்த பொல்லாத பெயர்.

இந்தப் பெயருக்காகவே பல வீடுகளில் இதை வேரோடு பிடுங்கி எறிகிறார்கள். இலையைக் கிள்ளினால் பால் வரும், கசக்கும். ஆடு மாடுகள் இதைத் தேடிப் போய் மேய்வதில்லை. கவனிப்பார் இல்லாத சுடுகாட்டு ஓரத்திலும் இது அழியாமல் நிற்பதற்கு அதுவே காரணம். செடியின் மேல் வேறு குற்றம் எதுவும் இல்லை.

பிடுங்காமல் விட்டு வைத்த வீட்டில் இது தரும் சந்தோஷம் சிறியதுதான், ஆனால் எதிர்பாராதது. இரண்டு, மூன்று அடி உயரத்துக்கு மேல் போகாது. வருடம் முழுவதும் பூ இருக்கும். ஒரு பூ உதிர்வதற்குள் அடுத்த மொட்டு விரிந்துவிடும். பூ உதிர்ந்த இடத்தில் மெல்லிய காய்கள் ஜோடி ஜோடியாக நீளும். அவை முற்றி வெடித்துக் கறுப்பு விதைகளைச் சிதறும். அடுத்த மழைக்குத் திண்ணை வெடிப்பிலும் கிணற்று மேடையிலும் குட்டிச் செடிகள் தலைகாட்டும். இளஞ்சிவப்புச் செடி நின்ற வீட்டில் ஒருநாள் வெள்ளைப் பூச் செடி ஒன்றும் முளைத்தால், வீட்டுப் பிள்ளைகள் அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

இது நம் மண்ணில் பிறந்த செடி அல்ல. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவுதான் இதன் தாயகம். கப்பல் வழியாக வெப்ப நாடுகள் பலவற்றுக்கும் பரவியது. போன இடங்களில் எல்லாம் நாட்டு மருந்தாயிற்று. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமைக்காவில் சர்க்கரை வியாதிக்கு இதன் இலைக் கஷாயத்தைக் குடித்து வந்தார்கள். 1952-ல் அங்கிருந்து கொஞ்சம் இலைகள் தபால் உறையில் கனடாவில் இருந்த கிளார்க் நோபிள் என்ற டாக்டருக்கு வந்து சேர்ந்தன. அவர் அவற்றைத் தம் சகோதரர் ராபர்ட் நோபிளின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்.

அங்கே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் இரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஆனால் சாற்றை ஊசி மூலம் ஏற்றிய எலிகளின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மளமளவென்று குறைந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்தானே இரத்தப் புற்றுநோய்! நோபிளும் சார்லஸ் பீர் என்ற வேதியியல் அறிஞரும் சேர்ந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்துப் பொருளை 1958-ல் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்காவில் தனியாக ஆராய்ந்தவர்கள் வின்கிரிஸ்டின் என்ற இன்னொன்றையும் கண்டார்கள். 1963-ல் அது அந்நாட்டில் மருந்தாக அனுமதி பெற்றது.

அதற்கு முன்பெல்லாம் இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் பிழைத்தவர்கள் மிக அரிது. இன்று நல்ல சிகிச்சை முறையாகக் கிடைக்கும் இடங்களில், குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகையில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் குணமாகிறார்கள். இது ஒரே மருந்தின் சாதனை அல்ல. ஆனாலும் அந்தச் சிகிச்சையில் வின்கிரிஸ்டினுக்கு முக்கிய இடம் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. மருந்து ஊசியில் இருக்கிறது, கஷாயத்தில் இல்லை. 1 கிராம் வின்கிரிஸ்டின் எடுக்கவே சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். இலையில் வேறு பல நச்சுப் பொருள்களும் கலந்திருக்கின்றன. சர்க்கரைக்கு என்றோ புற்றுக்கு என்றோ வீட்டில் இடித்துக் குடிப்பது ஆபத்து. யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

வாசல் செடி காட்டுக்கும் போயிருக்கிறது. நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களில் மானாவாரி நிலத்தில் இதைப் பயிராகச் செய்திருக்கிறார்கள். நீர் தேங்கும் நிலமும் உவர் நிலமும் ஆகாது. நேரடி விதைப்புக்கு ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதும். மிகவும் பொடி விதை என்பதால் பத்துப் பங்கு மணலோடு கலந்து, ஒன்றரை அடி இடைவெளியில் வரிசையாக விதைத்து, லேசாக மண் மூட வேண்டும். வெளிச்சம் பட்டால் முளைப்பு குறையும். பிறகு செடிக்குச் செடி ஓர் அடி இருக்கும்படி களைத்து விடலாம். ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை பறித்து, ஓராண்டு முடிவில் வேரை எடுப்பார்கள். வேரில் கிடைக்கும் அஜ்மலிசின் இரத்த ஓட்டத்துக்கான மருந்துகளில் சேர்கிறது. மானாவாரியில் ஏக்கருக்கு 800 கிலோ உலர்ந்த இலையும் 300 கிலோ வேரும் எதிர்பார்க்கலாம்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்குகிறவர் யார், என்ன விலை என்று முடிவாகாமல் ஒரு செண்டு நிலத்தில்கூட விதைக்கக் கூடாது. இதை உள்ளூர்ச் சந்தையில் கூவி விற்க முடியாது. வியாபாரி வராவிட்டால் மாட்டுக்கும் போட முடியாது. ஈஸ்ட் நுண்ணுயிரைக் கொண்டு இந்த மருந்தின் மூலப்பொருள்களைத் தயாரிக்க முடியும் என்று 2022-ல் ஆய்வாளர்கள் காட்டியிருப்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வாசலில் வளர்ப்பதற்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. காய் மஞ்சளாகத் தொடங்கும்போது, வெடிக்கும் முன்பே பறித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்தினால் விதை தானாக உதிரும். அதை அந்தப் பருவத்திலேயே விதைத்துவிட வேண்டும். பல மாதம் டப்பாவில் கிடந்த விதை சரியாக முளைக்காது. செடியில் இலைகள் சிறுத்து, கொத்துக் கொத்தாகி, பூவும் பச்சையாக மாறினால் அது சிற்றிலை நோய். அந்தச் செடியை மட்டும் பிடுங்கி எரித்துவிட்டு, மற்றவற்றை விட்டுவைக்கலாம்.