மீளும் முன்னே சிக்கனம்: 1937ஆம் ஆண்டின் அமெரிக்கச் சரிவு

ஒரு நிதியாண்டில் அரசின் வரவைக் காட்டிலும் செலவு எவ்வளவு மிகுந்திருக்கிறதோ அந்தத் தொகை பற்றாக்குறை எனப்படுகிறது. அதை ஈடுகட்ட ஆண்டுதோறும் வாங்கப்படும் தொகைகளே அரசின் கடனாகத் திரள்கின்றன. பொருளாதாரம் நலிந்திருக்கும் காலத்தில், வேலையிழந்தோருக்கு அரசே பணி தருவதா, பற்றாக்குறையை முதலில் குறைப்பதா என்னும் வழக்கு பல நாடுகளில் மீண்டும் மீண்டும் எழுந்திருக்கிறது. முன்னதைக் கைவிட்டுப் பின்னதைப் பற்றினால் என்ன நேரும் என்பதை நடப்பிலேயே காட்டியது 1937இல் அமெரிக்காவில் ஏற்பட்ட சரிவு.

1929இல் தொடங்கிய பெருமந்தம் உச்சத்தில் இருந்த 1933இல், அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. அவ்வாண்டு அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், வரவையும் செலவையும் சமன்படுத்துவதாகத் தேர்தலில் உறுதியளித்தவர் எனினும், நிலைமையின் கடுமையைக் கண்டு அரசே வேலை தரும் திட்டங்களில் இறங்கினார். அவற்றுள் பெரியது, 1935இல் ஹாரி ஹாப்கின்ஸ் தலைமையில் உருவான பொதுப்பணி வேலைவாய்ப்பு அமைப்பு. எட்டு ஆண்டுகளில் சுமார் 85 லட்சம் பேர் அதில் வேலை பெற்றனர், சாலைகளும் பாலங்களும் பள்ளிக் கட்டடங்களும் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையமும் அவர்கள் உழைப்பில் எழுந்தன.

அரசு கொடுத்த கூலி தொழிலாளியின் கையோடு நின்றுவிடவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. அவர் அதைக் கொண்டு அரிசியோ காலணியோ வாங்கும்போது அது கடைக்காரரின் வருமானமாகி, அவர் வழியே ஆலைக்கும் அங்குள்ள தொழிலாளிக்கும் சென்று, ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு பகுதி வரியாக அரசிடமே திரும்புகிறது. இதனைப் பொருளியலார் பெருக்கி விளைவு என்பர். செலவு சுருங்கும்போதும் இதே விளைவு எதிர்த்திசையில் செயற்படுகிறது.

1936இல் உற்பத்தி தேறியது. வேலையின்மை இன்னும் 14 விழுக்காட்டளவில் இருந்தபோதே, வரவு செலவு சமனானால்தான் தொழில்முனைவோர் நம்பிக்கையுடன் முதலிடுவர் என்று கருவூலச் செயலர் ஹென்றி மார்கெந்தாவ் வற்புறுத்த, ரூஸ்வெல்ட்டும் இசைந்தார். அரசு வேலைகளில் இருந்தோர் தொகை இலட்சக்கணக்கில் குறைக்கப்பட்டது; சமூகப் பாதுகாப்பு வரி 1937 ஜனவரி முதல் பிடிக்கப்பட்டது; அதே வேளையில் மைய வங்கி, வணிக வங்கிகள் கடன் கொடுக்காமல் ஒதுக்கிவைக்கவேண்டிய கட்டாயக் கையிருப்பை இரு மடங்காக்கியது. 1936 நிதியாண்டில் 430 கோடி டாலராக இருந்த பற்றாக்குறை 1938இல் 9 கோடியளவுக்கு வந்துவிட்டது. கணக்கேடு சீரானது, ஆனால் ஓராண்டுக்குள் தொழில் உற்பத்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்தது, வேலையின்மை 19 விழுக்காட்டை எட்டியது. (அரசுத் திட்டங்களில் உழைத்தோரையும் வேலையற்றோராகக் கொண்ட கணக்கு இது, அவர்களை வேலையுள்ளோராகக் கொண்டு 1976இல் மைக்கேல் டார்பி திருத்திய கணக்கில் இது 12.5 விழுக்காடு. எனினும் எந்தக் கணக்கிலும் 1938, முந்தைய ஆண்டைவிட மோசமானதே.)

1938 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் போக்கை மாற்றிப் பெருஞ்செலவுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதலைக் கோரினார். அவ்வாண்டு நவம்பரில் மேற்சொன்ன அமைப்பில் பணியாற்றியோர் சுமார் 33 லட்சம். ஆண்டின் நடுவிலிருந்தே பொருளாதாரம் மீளத் தொடங்கியது. மைய வங்கியின் கட்டுப்பாடு தளர்ந்ததற்கும் இதில் பங்குண்டு. செலவுக் குறைப்பு ஒன்றே சரிவுக்குக் காரணம் என்பது மிகையாகும்.

அரசு கடன் வாங்கினால் தனியார் முதலீட்டுக்குப் பணம் கிடைக்காது, வட்டி ஏறும் என்ற எதிர்வாதம், ஆலைகளும் ஆட்களும் முழுமையாக இயங்கும் காலத்துக்கு மிகவும் பொருந்தும். ஆனால் அன்றைய அமெரிக்காவில் குறுகிய காலக் கடன் பத்திரங்களின் வட்டி ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இருந்தது; கடன் கேட்போரின்றிப் பணம் வங்கிகளில் தேங்கிக் கிடந்தது. உண்மையான வரம்பு வேறிடத்தில் இருக்கிறது: தன் நாணயத்திலேயே கடன் வாங்கும் நாட்டுக்கு இருக்கும் வசதி, அன்னியச் செலாவணியில் கடன்பட்டு 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திய இலங்கை போன்ற நாட்டுக்கு இல்லை.

அமெரிக்காவில் வேலையின்மை 5 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கியது 1942இல்தான். அதைச் சாதித்தது போர்ச் செலவு. அவ்வாண்டுப் பற்றாக்குறை 2,000 கோடி டாலரைக் கடந்தது. பள்ளிக்கும் பாலத்துக்கும் 430 கோடி மிகை என்று கருதிய அதே அரசு, பீரங்கிக்காக அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் கடன்பட்டபோது நாடு நொடித்துவிடவில்லை.