கூரையில் மழை, சுவரில் இரைச்சல்

வாடைக் காற்றோடு மழை பிடித்துக்கொள்ளும் மாதங்களில், திருகோணமலைக் கப்பல்துறைப் பகுதியில் தகரக் கூரையின் கீழ் வகுப்பு நடத்துவது எளிதான காரியமன்று. மழை சற்று வலுத்ததும் ஆசிரியர் குரலை உயர்த்துகிறார். மேலும் வலுத்தால் பேச்சை நிறுத்திக் கரும்பலகையில் எழுதத் தொடங்குகிறார். அதற்கும் மேலே போனால், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மழை விடும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பின்வரிசைப் பிள்ளைகளுக்கு அன்றைய பாடத்தில் பாதி போய்விடுகிறது. மழை ஓய்ந்த நாட்களிலோ வேறு ஓசைகள் வந்து சேருகின்றன. ஊரின் பெயரில் கப்பல் இருந்தாலும் அதன் வழியே செல்வது கண்டிப் பெருவீதி; அதிற் பாரவூர்திகள் ஓடுகின்றன. சீனக்குடாவை நோக்கினால் ஆலைகள், விமானத்தளம், 1927ஆம் ஆண்டு திருகோணமலையை எட்டிய புகையிரதப் பாதை ஆகியன இருக்கின்றன. தொழில் வளரும் இடத்தில் ஓசையும் வளரும். அந்த ஓசை பாடசாலைக்குள்ளும் வைத்தியசாலைக்குள்ளும் உறங்கும் அறைக்குள்ளும் எவ்வளவு நுழையலாம் என்பதே கேள்வி.

இதற்குத் தீர்வாக இப்போது கடைகளிற் சுருட்டி விற்கப்படும் ஒருவகைத் தடித்த விரிப்புப் பலருடைய கவனத்தையும் ஈர்த்திருக்கிறது. ஒலித்தடைப் படலம் என்று அதனை அழைக்கலாம். றப்பரையோ வினைலையோ மூலப்பொருளாகக் கொண்டு, பேரியம் சல்பேட்டு போன்ற பாரமான கனிமத் தூளைச் சேர்த்துத் தகடாக இழுத்து அது செய்யப்படுகிறது. இரண்டரை முதல் மூன்று மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள வகை, சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 5 கிலோகிராம் நிறை கொண்டது. கையிலெடுத்தால் ஈரச் சாக்கைப்போலத் துவண்டு தொங்கும். அதன் வலிமை முழுவதும் அந்தப் பாரத்திலும் அந்தத் துவள்ச்சியிலுமே அடங்கியிருக்கிறது. எனினும், அதனை எங்கே ஒட்டுவது என்பது தெரியாமல் வாங்குவோர் பணத்தைச் சுவரிற் பூசிவிட்டதாகவே முடியும்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கவேண்டும். ஒலியை உறிஞ்சுவது வேறு, ஒலியைத் தடுப்பது வேறு. 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், பொக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்திற் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. சொல்லிய சொல் ஐந்தரைச் செக்கன் வரை மண்டபத்துள் உலாவிக்கொண்டிருந்தது. இதனை ஆராயுமாறு பணிக்கப்பட்ட வாலஸ் சபீன் என்னும் இளம் பௌதிக ஆசிரியர், அயலிலிருந்த அரங்கின் ஆசன மெத்தைகளை இரவில் இரவலாகக் கொண்டுவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு முழக்கம் குறைகிறது என்று ஓர் ஓகன் குழலையும் கடிகாரத்தையும் வைத்து அளந்தார். கட்டட ஒலியியல் என்ற துறை பிறந்தது அந்த மெத்தைகளின்மேலேதான். ஆனால் அந்த மெத்தைகள் செய்தது மண்டபத்தினுள்ளே எழுந்த ஒலியை உறிஞ்சிய வேலை. வெளியிலிருந்து வந்த ஒரு வண்டியின் ஓசையை அவை நிறுத்தியிருக்கமாட்டா. வானொலி ஒலிப்பதிவுக் கூடங்களின் சுவர்களில் மெத்தென்ற பலகைகளைக் கண்டவர்கள், அவைதாம் வெளிச் சத்தத்தைத் தடுக்கின்றன என்று எண்ணுவதுண்டு. அவை பேசுபவரின் குரல் சுவரில் மோதித் திரும்பாதிருக்க வைக்கப்பட்டவை. வெளிச் சத்தத்தை மறிப்பன அவற்றின் பின்னாலுள்ள பாரமான சுவர்களும் இறுக மூடும் கதவுகளுமே. முட்டை அடுக்கும் அட்டைகளைச் சுவரில் ஒட்டி அயல்வீட்டுச் சத்தத்தை ஒழிக்க முயல்வோர் இந்த வேறுபாட்டை அறியாதவர்கள். அட்டையிற் பாரமில்லை, பாரமில்லாதது ஒலியைத் தடுக்காது.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. அது சுவரில் மோதும்போது சுவரையே மிக நுண்ணிய அளவில் ஆட்டுகிறது. ஆடிய சுவர் மறுபக்கக் காற்றை ஆட்டுகிறது. பாரமான பொருளை ஆட்டுவது கடினம். ஆகவே, சுவரின் நிறை இரட்டிக்குந்தோறும் அது தடுக்கும் ஒலியின் அளவு ஏறத்தாழ 6 தெசிபெல் கூடுகிறது. தெசிபெல் என்னும் அளவில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது; காதுக்கோ அது இரு மடங்கு உரப்பாகத் தோன்றுகிறது. ஒன்பது அங்குலச் செங்கற் சுவருக்கு இருபுறமும் சாந்து பூசினால் அது ஏறத்தாழ 50 தெசிபெல் தடுக்கும். சாதாரணப் பேச்சு அச்சுவரைக் கடந்து விளங்கும்படி செல்லாது.

இங்கேதான் கணக்குப் பார்க்கவேண்டியிருக்கிறது. அந்தச் செங்கற் சுவரின் நிறை சதுர மீற்றருக்கு 400 கிலோகிராமிற்கு மேற்பட்டது. அதன்மேல் 5 கிலோகிராம் படலத்தை ஒட்டினால் நிறை நூற்றுக்கு ஒரு பங்குதான் கூடுகிறது. கிடைக்கும் பயன் ஒரு தெசிபெலின் பத்திலொரு பங்கு. எந்தச் செவியும் அதனை உணராது. இதே படலத்தை 8 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையாலான ஒரு தடுப்பின்மேல் ஒட்டினால் நிலைமை முற்றும் மாறுகிறது. பலகையின் நிறையும் ஏறத்தாழ 5 கிலோகிராமே. படலம் சேர்ந்ததும் நிறை இரட்டிக்கிறது. 6 தெசிபெல் இலாபம் கிடைக்கிறது. மெல்லிய தடுப்பு, வெற்றான கதவு, மரக் கூரைத்தளம், தகடு ஆகியவையே படலத்துக்கு உரிய இடங்கள். கல்லுச் சுவரில் அதை ஒட்டச் சொல்பவர் விற்பனையாளராக இருக்கலாம். கட்டட ஒலியியல் அறிந்தவராக இருக்க முடியாது.

துவள்ச்சியால் வரும் நன்மையும் சிறியதன்று. விறைப்பான மெல்லிய தகடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனமான சுருதி உண்டு. அந்தச் சுருதியில் தகட்டின் வளைவலையும் காற்றின் ஒலியலையும் ஒத்து நடக்க, தகடு ஒலியைத் தடுப்பதை விட்டு அதற்கு வழிவிடுகிறது. 6 மில்லிமீற்றர் யன்னற் கண்ணாடிக்கு அது செக்கனுக்கு 2000 அதிர்வுகளை அண்டி நிகழும். மனிதப் பேச்சின் மெய்யெழுத்துக்கள் தெளிவு பெறும் பகுதியும் அதுவே. துவளும் படலத்தில் இந்த இணக்கம் செவிக்கு எட்டும் எல்லைக்குள் நிகழ்வதில்லை. அதனை விறைத்த பலகையோடு சேர்க்கும்போது பலகையின் அதிர்வையும் அது அடக்குகிறது. இரு பலகைகளுக்கிடையே நாலங்குல இடைவெளி விட்டு, நடுவே படலத்தைத் தளர்வாகத் தொங்கவிட்டு, மிஞ்சிய இடத்தைத் தும்பினால் நிரப்பினால் பயன் இன்னும் கூடும். இரு பலகைகளையும் நீண்ட ஆணிகளால் ஒன்றாக இறுக்கிவிட்டால் அந்த ஆணிகளே ஒலிக்குப் பாலமாகிவிடும்.

எல்லா ஓசையும் படலத்துக்கு அடங்குவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். கீழ்ச்சுருதி ஓசை பாரத்தையும் எளிதில் ஆட்டிவிடும். மேற்சொன்ன 5 கிலோகிராம் படலம் தனியே நின்றால், செக்கனுக்கு 1000 அதிர்வுள்ள ஓசையில் ஏறத்தாழ 27 தெசிபெலைத் தடுக்கும். 125 அதிர்வுள்ள ஓசையில் 9 தெசிபெல் வரையே தடுக்கும். மின்பிறப்பாக்கியின் உறுமல், பாரவூர்தி எஞ்சினின் முனகல், தொலைவில் ஊதும் கப்பலின் சங்கு ஆகியவை இந்தக் கீழ்ப்பகுதியைச் சேர்ந்தவை. இயந்திரத்தை அறையிலிருந்து தூர வைப்பதும், அதன் காலடியில் றப்பர்க் கட்டைகளைக் கொடுத்து நிலத்துக்கு அதிர்வு இறங்காமற் செய்வதும் அங்கே சிறந்த மருந்து. 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் றப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்ட நாள்முதல் றப்பரை அறிந்த நாட்டில் அந்தக் கட்டைகளுக்குப் பஞ்சமில்லை.

இனி வருவது எல்லாவற்றிலும் பெரிய இடர். பத்தடிக்குப் பத்தடிச் சுவரொன்றை எடுத்துக்கொண்டால், அதன் பரப்பு நூறு சதுர அடி. அதில் ஓரடிச் சதுரமுள்ள காற்றுப்போக்கி ஒன்று திறந்திருந்தால், அது சுவரின் நூற்றிலொரு பங்கு. அந்தத் துளை வழியாக நூற்றிலொரு பங்கு ஆற்றல் தடையின்றி உள்ளே வருகிறது. அதாவது 50 தெசிபெல் தடுக்கவல்ல சுவர் 20 தெசிபெலே தடுக்கிறது. மிகுதிச் சுவரை இரும்பாலே கட்டினாலும் கணக்கு மாறாது. இலங்கையின் கிழக்குக் கரையில் வீடுகளும் வகுப்பறைகளும் திறந்த காற்றுப்போக்கிகளோடும், சுவருக்கும் கூரைக்கும் இடையே விடப்பட்ட வெளியோடும் கட்டப்பட்டவை. கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் அவற்றை அடைத்து வாழச் சொல்வது கொடுமை. குளிர்நாட்டாரின் நூல்களிலுள்ள அறிவுரையை அப்படியே இங்கே பின்பற்ற முடியாததற்குக் காரணம் இதுவே.

ஆயினும் காற்றுக்கு வழிவிட்டு ஒலியை மட்டும் களைப்படையச் செய்யும் உபாயம் உண்டு. காற்றுப்போக்கியின் வெளிப்புறத்தில் ஒரு பெட்டியை அமைத்து, காற்று இரண்டு முறை வளைந்து உள்ளே வரும்படி தடுப்புகளை வைத்து, உட்புறமெங்கும் தும்புப் பலகையை ஒட்டிவிட்டால் ஒலி ஒவ்வொரு வளைவிலும் மோதித் தேய்கிறது. பெட்டியின் பக்கங்களுக்குப் படலத்தைப் போர்த்தால் அவற்றினூடாகவும் ஓசை கசியாது. வழியின் குறுக்களவைச் சற்றுப் பெரிதாக்கினாற் காற்றும் குறையாது. இதைவிடச் செலவற்றது, வீதிப் பக்கத்துத் துளைகளை மூடி எதிர்ப்பக்கத்தில் அவற்றைப் பெருக்குவது. கதவிடுக்குகளையும் மறக்கலாகாது. இரவில் அறையினுள்ளே விளக்கை ஏற்றிவைத்து வெளியே நின்று பார்த்தால், எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கேயெல்லாம் ஓசையும் நுழைகிறது என்று கொள்ளலாம்.

கூரையின் கதை வேறு. மழைத்துளி தகரத்தில் விழும்போது, வெளியிலுள்ள ஓசை உள்ளே வருவதில்லை. தகரமே ஓசையைப் பிறப்பிக்கிறது. அரை மில்லிமீற்றர் தகடு, சட்டங்களுக்கிடையே இழுத்துக் கட்டிய தோலைப்போல ஆயிரம் விரல்களால் அடிபடுகிறது. தவில் வாசிப்பவர் ஒலித்துக்கொண்டிருக்கும் தோலின்மேல் உள்ளங்கையை அழுத்தினால் முழக்கம் அந்தக் கணமே அடங்கிவிடுவதைக் காணலாம். தகரத்தின் கீழ்ப்புறத்தில் முழுமையாக ஒட்டிய படலம் அந்த உள்ளங்கையின் வேலையைச் செய்கிறது. நெகிழ்வும் பசைத்தன்மையும் கலந்த பொருளாகையால், தகடு வளையுந்தோறும் அதுவும் இழுபட்டு, அதிர்வின் ஆற்றலைச் சிறு வெப்பமாக மாற்றிவிடுகிறது. தகரத்தின் நிறை சதுர மீற்றருக்கு நாலு கிலோகிராம் அளவே என்பதால் பாரத்தின் நன்மையும் இங்கே முழுமையாகக் கிடைக்கிறது. திருகோணமலைக் கட்டடங்களில் படலம் தன் விலைக்குத் தக்க பயனைத் தரும் இடம் ஒன்று உண்டெனில் அது கூரையே.

எந்தப் படலம் என்பதிலும் கவனம் வேண்டும். தாரினாற் செய்தவை மலிவானவை. ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் கைவைக்க முடியாதபடி கொதிக்கும் தகரத்தின் கீழே அவை இளகி வழுகக்கூடும். பியூட்டைல் றப்பர் வகை சூட்டை நன்கு தாங்கும். வினைல் எரிந்தால் மூச்சை அடைக்கும் ஐதரசன் குளோரைட்டுப் புகை எழும். ஆகையால் பிள்ளைகள் கூடுமிடத்தில் அதனைத் திறந்தவாறு விடாது பலகையால் மறைப்பதும், தீத்தாங்கும் தரச் சான்று கேட்டு வாங்குவதும் நன்று. பழைய அசுபெஸ்தசுத் தகடுகளாயின் அவற்றைத் துளைக்கவோ சுரண்டவோ கூடாது. அவற்றின் நுண்ணிழைகள் சுவாசப்பைக்குப் பகை. அத்தகைய கூரையின் கீழே தனியாக ஒரு உட்கூரை அமைப்பதே தக்கது.

ஒட்டும் பசையைப் பற்றி ஒரு சொல். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர், எதிரியின் ஒலிக்கருவிக்கு அகப்படாதிருக்கச் சில நீர்மூழ்கிகளுக்கு நாலு மில்லிமீற்றர் செயற்கை றப்பர்த் தோல் போர்த்தனர். 1944இல் இயங்கிய யூ-480 அவற்றுள் ஒன்று. றப்பர் வேலை செய்தது. பசைதான் அவர்களைப் படாதபாடு படுத்தியது. ஒட்டு விட்ட தோல் நீரில் அடித்துக்கொண்டு தானே ஓசை எழுப்பியது. நிலத்துக் கூரைக்கும் அதே விதி பொருந்தும். உப்புக்காற்றில் துருவேறிய தகரத்தைத் தேய்த்து, எண்ணெய்ப் பசை நீக்கி, நன்கு உலர்த்திய பின்னரே படலத்தை உருளையால் அழுத்தி ஒட்டவேண்டும். நடுவே காற்றுக் குமிழ் தங்கிய இடத்தில் படலம் வெறும் தொங்கலே.

இலங்கையின் 1996ஆம் ஆண்டு ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், பிரதேச சபைப் பகுதிகளுக்குப் பகலில் 55 தெசிபெல், இரவில் 45 தெசிபெல் என்றும், பாடசாலை, வைத்தியசாலை போன்றவற்றைச் சூழ்ந்த அமைதி வலயங்களுக்குப் பகலில் 50, இரவில் 45 என்றும் எல்லை வகுத்தன. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டலோ வகுப்பறையினுள்ளே 35 தெசிபெலையும் படுக்கையறையினுள்ளே 30 தெசிபெலையும் விரும்பியது. வெளியே 50, உள்ளே 35 என்றால் நடுவிலுள்ள 15 தெசிபெலைக் கட்டடம் தாங்கவேண்டும். துளைகளைச் சீர்செய்த எளிய சுவருக்கே அது கைகூடும். மழைக்கு எந்த ஒழுங்குவிதியும் இல்லை.

ஆகவே ஒரு பாடசாலையின் கையிருப்புக் குறைவாக இருந்தால், அது முதலில் வீதிப் பக்கத்துத் துளைகளைக் கவனித்து, அடுத்துக் கூரைக்குப் படலமிட்டு, அதன்பின் தும்புப் பலகையால் உட்கூரை அமைக்கலாம். கல்லுச் சுவர்களை அப்படியே விட்டுவிடலாம். கூரை மாற்றும் வேலை எப்படியும் நடக்கவிருந்தால், புதுத் தகரங்களைக் கைமரத்தில் ஏற்றுமுன் நிலத்திற் கவிழ்த்து வைத்துப் படலத்தை ஒட்டிவிடுவது நல்லது. சட்டத்தில் தகடு பதியும் இடங்களை மட்டும் ஒட்டாமல் விடவேண்டும். ஏற்றிய பிறகு தலைக்குமேல் கையை நீட்டி ஒட்டுவது இரு மடங்கு வேலை. ஒட்டும் அவ்வளவு உறுதியாக அமைவதில்லை. புரட்டாசிக்குள் இந்த வேலை முடிந்தால், ஐப்பசி மழை தொடங்கும்போது பசை இறுகியிருக்கும்.